பெல்மேன் இல்லாத கொட்டகை

இந்தக் கதையைச் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. நடந்தது அறுபத்து மூன்றாம் வருஷமா, அதற்கு அடுத்ததா என்பது போகட்டும். கொட்டகையின் தூண்கள் மரமா இரும்பா என்று கேட்டால்கூட ஒரு நாள் மரம் என்கிறது மனசு, இன்னொரு நாள் இரும்பு என்கிறது. ஏசுபாதத்தின் முகம் மட்டும் மாறாமல் இருக்கிறது. பேச வாயைத் திறந்துவிட்டு, பேசாமலே மூடிக்கொள்கிற முகம். அவர் பேசாமல் விட்டதை நானாக இட்டு நிரப்பியிருக்கலாம். அந்த இடங்கள் எவை என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஏசுபாதம் கோலார் தங்கவயலில் கட்டட இலாகாவின் டிராஃப்ட்ஸ்மேன். இன்ஜினீயர்கள் பென்சிலில் போட்டுத் தரும் கோடுகளின்மேல் டிரேசிங் துணியை விரித்து, அதே கோடுகளை மையில் இழுப்பது அவர் வேலை. கை நடுங்காது, மை சிந்தாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். அத்தனை வருஷத்தில் தன்னுடையது என்று ஒரு கோடு அவர் போட்டதில்லை. அதற்காக யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதும் இல்லை. ஆனால் சில சாயங்காலங்களில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு, ஒரு வெள்ளைத் தாளை முன்னால் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். பிறகு தாளை எடுத்து வைத்துவிட்டு வீட்டுக்கு நடப்பார்.

கோரமண்டல் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் ஒரு பழைய பட்டறை இருந்தது. இயந்திரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; தகரக் கூரையும் தூண்களும் மிச்சம். அதை லைன் வீடுகளில் இருக்கும் சுரங்கத் தொழிலாளி ஜனங்களின் பொழுதுபோக்குக்குக் கொடுக்கலாம் என்று வெல்ஃபேர் ஆபீசர் சௌந்தரராஜன் முடிவு செய்தார். அவர் ஊருக்குப் புதிது. சேதி பரவியதும் ஆட்கள் வரிசையாக வந்து அவர் மேஜைக்கு முன்னால் நின்றார்கள். நாடகக்காரர்களுக்கு மேடை வேண்டும். கேரம் ஆடுகிறவர்களுக்குக் காற்றடிக்காத மூலை. புத்த சங்கத்தாருக்கு ஞாயிற்றுக்கிழமை வந்தனைக்கு அமைதியான இடம். பஜனைக் கோஷ்டிக்குச் சனிக்கிழமை. பெண்களின் தையல் வகுப்புக்கு மறைவு. இது போதாதென்று ஷிஃப்ட் வேறு. ஒருவனுக்குச் சாயங்காலமாக இருக்கிற நேரம் இன்னொருவனுக்கு வேலைக்குப் போகிற நேரம். ராத்திரி ஷிஃப்ட் முடித்தவன் காலையில்தான் கேரம் ஆடுவான். வீட்டில் பிள்ளைகள் கத்தினால் தூங்கவும் அங்கேதான் வருவான்.

"ரூம் ரூமா தடுத்துடலாமா?" என்று சௌந்தரராஜன் கட்டட இலாகாவுக்கு வந்து கேட்டார். "ஆனா மூணு சுவர் எழுப்பினா நாலு சண்டை வரும்போல இருக்கே."

இன்ஜினீயர் சிரித்தார். டிரேசிங் மேஜையில் குனிந்திருந்த ஏசுபாதம் நிமிர்ந்தார்.

"சுவரே வேணாம் சார்" என்றார்.

மறுபடி டிரேசிங் துணியின்மேல் குனிந்துகொண்டார். சௌந்தரராஜன் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஏசுபாதம் குடியிருந்தது ஒரு தட்டி வீடு. அவர் அறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவே மூங்கில் தட்டிதான் சுவர். பக்கத்து வீட்டில் கல்யாணம், சீமந்தம் என்றால் கட்டை அவிழ்த்துத் தட்டியைச் சாய்த்து வைத்துவிடுவார்கள். இரண்டு வீடும் ஒரே வீடாகிவிடும். விருந்து முடிந்ததும் மறுபடி சுவர் எழும்பும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்திருக்க வேண்டும். நெருப்புக் குச்சியும் சிகரெட் அட்டையும் தையல் நூலும் வைத்து ஒரு சின்ன கொட்டகை செய்தார். தூண்களுக்கு நடுவே அட்டைச் சுவர்கள். ஒரு நூலை இழுத்தால் சுவர் மேலே போய்க் கூரையோடு ஒட்டிக்கொள்ளும். பாதி இறக்கினால் வெயில் மறைக்கும். முழுக்க இறக்கினால் அறை. சௌந்தரராஜன் மேஜையில் அதைக் கொண்டுபோய் வைத்தார். காபி ஆறி ஆடை கட்டும் வரை சௌந்தரராஜன் நூல்களை இழுத்து இழுத்து விளையாடிக்கொண்டிருந்தார்.

"யாரு இழுப்பாங்க?" என்று கடைசியில் கேட்டார்.

"யாருக்கு வேணுமோ அவங்க."

"நல்லா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டோர்ஸ்காரங்க அந்தக் கொட்டகையை மரம் அடுக்கக் கேக்கறாங்க. கோடை முடியறதுக்குள்ள நான் வந்து பார்ப்பேன். நீங்க சொல்றாப்பல ஜனங்க அதை மாத்தி மாத்திப் புழங்கினா இருக்கட்டும். சும்மா கிடந்தா மரம் அடுக்கிடுவாங்க. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

ஏசுபாதம் தலையாட்டினார். அன்று வீட்டுக்குப் போகும்போது வழியில் இரண்டு முறை நின்றாராம். எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமலே நின்றேன் என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

வேலை நன்றாகத்தான் நடந்தது. சுவர்களுக்கு மூங்கில் தட்டிகளையே தொங்கவிட்டார். மூடிப்போன ஒரு சுரங்க ஷாஃப்டிலிருந்து கழற்றிய, கையால் சுற்றிக் கயிறு இழுக்கிற சின்ன வின்ச்சுகள் கிடைத்தன. கயிறும் அங்கிருந்தே வந்தது. துருப்பிடிக்காமல் இருக்க, கிடைத்த சிவப்புப் பெயிண்டை அடித்தார். தட்டி இறங்கும்போது கீழே யாராவது நின்றுவிட்டால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வின்ச் பக்கத்திலும் ஒரு பெல் மாட்டினார். பெல்லைத் தட்டிவிட்டு இறக்க வேண்டும். அந்த பெல்தான் தன் மூளையில் உதித்த சிறந்த விஷயம் என்று அப்போது நினைத்தார்.

பொங்கல் கழிந்து திறப்பு விழா. சௌந்தரராஜன் வின்ச்சைச் சுற்றினார், தட்டி மேலே போயிற்று, ஜனங்கள் கை தட்டினார்கள். லட்டு கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு தட்டியும் அசையவில்லை.

கொட்டகைக்கு ஆள் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்தார்கள். விழா அன்று சுவர்கள் எப்படி நின்றனவோ அதற்குத் தக்கபடி உட்கார்ந்தார்கள். தையல் வகுப்பு மறைவில்லாமலே நடந்தது. கேரம் காய்களைக் காற்று தள்ளியது. ஒரு நாள் மத்தியானம் ஏசுபாதம் போய்ப் பார்த்தபோது, ராத்திரி ஷிஃப்ட் ஆட்கள் ஒரு பத்துப் பேர் முகத்தில் வெயிலை வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்குமேல் தட்டி இறக்காமல் கூரையோடு தொங்கிக்கொண்டிருந்தது. ஷாஃப்ட் வாயில், ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் வரக் காத்திருக்கிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

நடுவில் காத்தவராயன். சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கிற டிம்பர்மேன். நாடகத்தில் எப்போதும் ராஜா வேஷம். அவன் சொன்னால் அந்த லைனே கேட்கும்.

"இன்னா காத்தவராயா, வெயிலு மூஞ்சில அடிக்குது. தட்டிய எறக்கிக்கக் கூடாதா?"

"எறக்கலாம் சார்."

"அப்புறம்?"

"பெல்லு யாரு அடிக்கிறது?"

"நீதான்."

பத்துப் பேரும் சிரித்தார்கள். காத்தவராயன் சிரிக்கவில்லை.

"நானா? நான் டிம்பர்மேன் சார். நான் பெல்லுல கைய வெச்சா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாதா? நேரா வூட்டுக்குத்தான்."

"இது ஷாஃப்ட் இல்லப்பா. கொட்டாய்."

"வின்ச்சு அதே வின்ச்சு. கயிறு அதே கயிறு. பெல்லும் அங்கேருந்து வந்ததுதான். கொட்டாய்னு நீங்க சொல்றீங்க, என் கைக்கு அது தெரியலியே சார்."

"ஒரு பெல்மேன் போடச் சொல்லுங்க சார்" என்றான் இன்னொருவன். "ஷிஃப்டுக்கு ஒருத்தன். அவன் அடிச்சா நாங்க இஸ்துக்குறோம்."

ஏசுபாதம் வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அவருக்கும் தெரியும். அந்த ஊரில் தெரியாதவர் கிடையாது. கேஜ் ஏறுவதும் இறங்குவதும் பெல்லை வைத்துத்தான். இரண்டு தட்டினால் இறங்கும், மூன்று தட்டினால் ஆள் ஏறுகிறது என்று அர்த்தம். அதைத் தட்ட ஒரே ஒருத்தனுக்குத்தான் உரிமை. வேறு கை பட்டு ஒரு தட்டு கூடிப்போனால், பாதி ஏறிய ஆள் பாதியாகத்தான் கிடைப்பான். பாட்டன், அப்பன், மகன் என்று மூன்று தலைமுறையாக அந்தக் கைகள் பழகியிருப்பது தொடாமல் இருப்பதற்கு. அந்தக் கைகளுக்கு முன்னால் சிவப்புப் பெயிண்ட் அடித்த வின்ச்சையும் பெல்லையும் கொண்டுவந்து வைத்துவிட்டு, வேண்டியவர்கள் இழுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

பெல்லைக் கழற்றிப் பார்த்தார். அது இன்னும் மோசமாகப் போயிற்று. பெல்லே இல்லாத வின்ச் பக்கம் மூச்சுவிடக்கூட ஆள் வரவில்லை. திரும்ப மாட்டினார்.

பிறகு அவரே இழுக்க ஆரம்பித்தார். காலையில் ஆபீசுக்குப் போகுமுன் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பெல்லைத் தட்டுவார்; எல்லாரும் எழுந்து ஒதுங்கி நிற்பார்கள்; தட்டி இறங்கும்; திரும்ப உட்காருவார்கள். "பெல்மேன் சார் வந்துட்டாரு" என்று பிள்ளைகள் ஓடிவரும். பிரியமாகத்தான் சொன்னார்கள். ஆனால் அந்தப் பெயர் காதில் விழும்போதெல்லாம் அவருக்கு டிரேசிங் மேஜை ஞாபகம் வந்தது. இங்கேயும் ஒரே கோட்டின்மேல் தினமும் மை இழுக்கிறோம் என்று தோன்றியது.

"இப்ப உங்களுக்கு டபுள் ஷிஃப்டா?" என்றாள் அவர் மனைவி எஸ்தர். அவளும் தையல் வகுப்புக்குப் போகிறவள்.

"ஜனங்களே ஒரு நாள் தொடுவாங்க."

"நீங்க தொட்டுகினே இருந்தா அவங்க எப்படித் தொடுவாங்க?"

எஸ்தர் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வீட்டில் பேச்சு அப்படித்தான் நின்றுபோகும். கோபம் என்று இல்லை.

பங்குனியில் காற்று ஆரம்பித்தது. தங்கம் எடுத்தபின் கொட்டிய மண் மலைமலையாகக் குவிந்திருக்கிறதே, அந்த சயனைட் மேட்டிலிருந்து வெள்ளைப் பொடி கிளம்பும். மாவு மாதிரி இருக்கும். சோற்றில் விழும், கண்ணில் விழும், தொண்டையில் போய் உட்காரும். எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று சொல்ல முடியாது. காலையில் பாலகாட் சுரங்கத்துப் பக்கமிருந்து அடித்தால் மத்தியானம் வேறு பக்கம். ஏசுபாதம் தட்டிகளை யோசித்ததே பாதி இந்தக் காற்றை நினைத்துத்தான். ஆனால் அந்த வாரம் பார்த்து ஆபீசில் ஒரு பெரிய வரைபடம் வந்து சேர்ந்தது. அவசரம் என்று இன்ஜினீயர் மேஜை பக்கத்திலேயே நின்றார். காலையிலும் போக முடியவில்லை, சாயங்காலமும் முடியவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ஜன்னல் வழியே பார்த்தார். கோரமண்டல் பக்கம் வானம் வெளுத்துப் போயிருந்தது. வீட்டுக் கூரைகளே தெரியவில்லை. பேனாவைக் கீழே வைத்தார். இன்ஜினீயர் அவரைப் பார்த்தார். பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

வேலையை முடித்துப் பொழுது சாய அவர் கொட்டகைக்குப் போனபோது வாசலிலேயே நின்றுவிட்டார். கயிறுகள் அறுபட்டுத் தொங்கின. தட்டிகள் ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. இரண்டு தட்டிகள் தூணோடு சேர்த்துப் பழைய புடவைக் கிழிசலால் கட்டப்பட்டிருந்தன. இரண்டு தட்டிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கூடாரம் மாதிரி நின்றன. உள்ளே கைக்குழந்தைகள் தூங்கிக்கொண்டிருந்தன. வின்ச்சின் கைப்பிடியில் யாரோ ஒரு தூக்குப் போணியை மாட்டியிருந்தார்கள்.

காத்தவராயனின் மனைவி பார்வதம்மா தலையிலிருந்து வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்தாள். குரல் நாலு லைனுக்குக் கேட்கும்.

"வாங்கணா. பாருங்க, மூஞ்செல்லாம் பவுடர் போட்டுகினு கீறோம். நாடகத்துல நமக்குத்தான் இன்னிக்கு வேஷம்."

"கயிறு..." என்றார் ஏசுபாதம்.

"ஆமா, அறுத்துட்டோம். மேலயே தொங்கிகினு கீது, எறங்க மாட்டேங்குது. நம்ம வூட்டுத் தட்டிய நாம கயிறு கட்டியா எறக்குறோம்? அவுத்தோம், நாலு பேரு தூக்கினோம், காத்து வர பக்கம் நிறுத்தினோம். காத்து திரும்பிச்சு, நாங்களும் திரும்பிட்டோம். அவ்ளோதான்."

"பெல்லு அடிச்சிட்டு வின்ச்ச சுத்தினா எறங்கும்மா."

"அந்தக் கண்றாவியெல்லாம் எங்க ஆளுங்களுக்கு. எங்களுக்கு இன்னாத்துக்கு பெல்லு? நாங்க எந்த ஷாஃப்ட்ல எறங்கினோம்?"

பெண்கள் சிரித்தார்கள். ஏசுபாதம் அறுந்த கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். கத்தியால் அறுத்தது போல இல்லை. பிசிறில்லாமல் வெட்டியிருந்தது.

வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகு எஸ்தர்தான் சொன்னாள்.

"பார்வதம்மா அறுக்கல. நான்தான். துணி வெட்டுற கத்தரிக்கோலால."

அவர் அவளைப் பார்த்தார்.

"கொழந்தைங்க இருமி இருமி மூஞ்சி செவந்துபோச்சு. பெல்மேன் சார் வருவாரு, வருவாருன்னு சொல்லிகினு இருந்தாங்க. நானும் கொஞ்ச நேரம் வாசலைப் பாத்தேன். அப்புறம் பாக்கல."

அவர் இரண்டு நாள் பேசவில்லை. எஸ்தரும் வற்புறுத்தவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் மனசில் ஓடியது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதினால் அது பொய். ஆபீசில் ஒரே கோட்டை இரண்டு முறை தப்பாக இழுத்தார், மையைச் சுரண்டி எடுத்தார் என்று மட்டும் உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

சனிக்கிழமை சௌந்தரராஜன் ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பார்க்கப் போகிறார். ஸ்டோர்ஸ்காரர்கள் நெருக்குகிறார்கள்.

சேதி கேட்டுக் காத்தவராயன் தானாகவே ஏசுபாதம் வீட்டுக்கு வந்தான். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றான்.

"சார், எங்க வூட்டுப் பொம்பள பண்ண கூத்துக்கு நீங்க மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. நாளைக்குக் காலைல நம்ம செட்டு வரும். புதுக் கயிறு நான் கொண்டாறேன். ஆபீசரு வர்றதுக்குள்ள தட்டியெல்லாம் பழையபடி ஏத்திடலாம். நாளைக்கு மட்டும் நம்ம சின்னசாமி பெல்லு அடிப்பான். அவன் நெஜமாவே பெல்மேன். ஆபீசரு முன்னாடி ஜோரா எறக்கிக் காமிச்சிடலாம்."

"செய்யலாம்" என்றார் ஏசுபாதம். அவர் முகத்தில் அந்த வாரம் முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது. அடுப்படியிலிருந்து எஸ்தர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை தோளில் கயிற்றுச் சுருளோடு நாலைந்து ஆட்கள், முன்னால் ஏசுபாதம். கொட்டகையை நெருங்கியபோதே உள்ளே ஆள் நிறைந்திருப்பது தெரிந்தது.

தட்டிகள் வியாழக்கிழமை பார்த்தபடியும் இல்லை. வேறு மாதிரி ஆகியிருந்தன. நடுவில் மூன்று தட்டிகளைக் கோணல்மாணலாக, விசிறி மடிப்புபோல நிறுத்தியிருந்தார்கள். அதனால் காற்று எந்தப் பக்கம் வந்தாலும் ஒரு மடிப்பில் முட்டி நின்றது. ஒரு மடிப்புக்குள் ராத்திரி ஷிஃப்ட் முடித்த ஆட்கள் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கினார்கள். அடுத்த மடிப்பில் கேரம். காய் தட்டும் சத்தம் மட்டும் அடக்கமாக வந்தது. மூலையில் புத்த சங்கத்தார் இரண்டு தட்டிகளைச் செங்கல்மேல் படுக்கப் போட்டு, பாய் விரித்து அதன்மேல் உட்கார்ந்து வந்தனை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சுவரைத் தரையாக்கலாம் என்று ஏசுபாதத்துக்குத் தோன்றியதே இல்லை. நெருப்புக் குச்சிக் கொட்டகையில் அதற்கு நூல் கிடையாது.

"இன்னாமே இது, சந்தை போட்டு வெச்சுகினு கீறீங்க!" என்று காத்தவராயன் மனைவியைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "எல்லாம் எடுங்க. ஆபீசரு வராரு. தட்டிய ஏத்தணும்."

"மெல்லப் பேசுயா. ஆளுங்க தூங்குறாங்க. ராஜா வேஷத்த மேடையில வெச்சுக்க."

தூங்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் துண்டை விலக்காமலே, "யக்கா, அந்த ராஜாவ வெளிய போவச் சொல்லு" என்றான். கேரம் மூலையில் சிரிப்பு எழுந்தது.

"சார், நீங்க சொல்லுங்க" என்று காத்தவராயன் திரும்பினான்.

ஏசுபாதம் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். வந்தனை முடிந்தது, சங்கத்தார் பாயைச் சுருட்டினார்கள். எழுந்த கையோடு இரண்டு பேர் கீழே கிடந்த தட்டியை நிமிர்த்தித் தூங்குகிறவர்கள் பக்கம் வெயிலுக்கு மறைவாக வைத்துவிட்டுப் போனார்கள். யாரும் சொல்லவில்லை. அவர்களும் யாரையும் கேட்கவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவன் போன மாதம் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தவன்.

"கயித்த வெளிய வெச்சிடுங்க" என்றார் ஏசுபாதம்.

"சார்?"

"வாணாம் காத்தவராயா."

"ஆபீசரு வந்து வின்ச்ச சுத்திக் காமின்னா?"

"சுத்திக் காமிக்க ஒண்ணுமில்லன்னு சொல்றேன்."

"கொட்டாய் போயிடும் சார். மரத்த அடுக்கிடுவாங்க."

போனாலும் போகும் என்றுதான் ஏசுபாதமும் நினைத்தார். ஆனால் தூங்குகிறவனை எழுப்பி, குழந்தையைத் தூக்கி வெளியே வைத்து, சுவர் எப்படி ஏறும் என்று ஒருவருக்குக் காட்டுவது அவரால் ஆகிற காரியமாகத் தெரியவில்லை.

சௌந்தரராஜன் ஜீப்பில் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை. உள்ளே ஓரடி வைத்துவிட்டுப் புருவத்தைச் சுருக்கினார்.

"என்ன ஏசுபாதம், வின்ச்செல்லாம் சும்மா நிக்குது? கயிறு எங்கே?"

ஏசுபாதம் வாயைத் திறந்தார். அதற்குள் காற்று திரும்பியது. கூரைத் தகரம் படபடத்தது. வெள்ளைப் பொடி ஒரு பக்கமாகச் சுழன்று உள்ளே வந்தது. பெண்கள் எழுந்துவிட்டார்கள். பார்வதம்மா ஒரு தட்டியின் இந்த முனையைப் பிடித்துக்கொண்டு அந்த முனைக்கு ஆள் தேடினாள். பக்கத்தில் நின்றவர் சௌந்தரராஜன்தான்.

"சார், அந்த முனைய கொஞ்சம் புடிங்க."

"நானா?"

"நீங்கதான். சீக்கிரம் சார், கொழந்தைங்க மூஞ்சில அடிக்குது. அப்படி இல்ல, அடில கை குடுங்க. தூக்குங்க. இன்னும். காலைல டிபன் சாப்ட்டீங்களா இல்லியா?"

சௌந்தரராஜன் தூக்கினார். பின்னாலேயே நடந்தார். தூணில் இடித்துக்கொண்டார். "இங்கியா? இங்கே வெச்சா அந்தப் பக்கம் திறந்திருக்குமே" என்று அவரே கேட்டார். "அப்ப கொஞ்சம் சாச்சு வெயுங்க" என்றாள் பார்வதம்மா. அவர் சாய்த்து வைத்தார். தள்ளி நின்று பார்த்தார். திரும்பப் போய் இன்னும் கொஞ்சம் சாய்த்தார். காத்தவராயன் கயிற்றுச் சுருளைப் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து நின்றான்.

சட்டை முழுக்க வெள்ளைப் பொடியோடு சௌந்தரராஜன் திரும்பி வந்தார்.

"இது உங்க பிளான்ல இல்லையே, ஏசுபாதம்."

"இல்ல சார்."

"அப்ப இந்த மாதிரி நிறுத்தறதுக்கு யாரு பிளான் போட்டது?"

எஸ்தர் பார்வதம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். ஏசுபாதம் அவளைப் பார்த்தார்.

"யாரும் போடல சார். இன்னிக்குக் காலைல இப்படி இருக்குது. மத்தியானம் எப்படி இருக்கும்னு தெரியாது."

சௌந்தரராஜன் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஸ்டோர்ஸ்காரன்கிட்ட நான் ஒரு வரைபடம் காட்டணுமே. இது ஹால், இதுதான் அமைப்புன்னு. இருக்கறபடி வரைஞ்சு கொடுங்க. அதை வெச்சு நான் பேசிக்கறேன். ஆனா வின்ச்செல்லாம் திரும்பிப் போயிடும். சும்மா நிக்கறதுக்கு அதைக் கொடுத்து வைக்க முடியாது."

"போவட்டும் சார்."

திங்கட்கிழமை சாயங்காலம் எல்லாரும் போன பிறகு ஏசுபாதம் வெள்ளைத் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். கூரையை வரைந்தார். தூண்களை வரைந்தார். வடக்கு எது என்று அம்புக்குறி போட்டார், காற்று வரும் திசைகளுக்கு நாலு பக்கமும் அம்புக்குறி போட்டார். நடுவில் ஒன்றும் போடவில்லை. பொழுது மங்கும் வரை அந்தக் காலி இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே தன் பெயரை எழுதினார்.

சௌந்தரராஜன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சுவரெல்லாம் எங்கே?"

"அவங்ககிட்ட இருக்குது சார்."

சௌந்தரராஜன் கையெழுத்துப் போட்டார்.

மரம் கொட்டகைக்கு வரவில்லை. வேறு இடம் பார்த்து அடுக்கினார்கள். வின்ச்சுகள் ஒரு லாரியில் திரும்பிப் போயின. காத்தவராயன் கொஞ்ச மாதம் தட்டியைத் தொடாமல் இருந்தான். மகள் கல்யாணத்தின்போது தொட்டான். எழுபதாம் வருஷத்துக்குப் பிறகு நுரையீரல் கெட்டு வேலையை விட்டான், சில வருஷத்தில் இறந்தான். பார்வதம்மா பங்காருபேட்டையில் மகளோடு போய் இருந்தாள். சௌந்தரராஜனுக்குப் பெங்களூருக்கு மாற்றலாயிற்று. அதற்குப் பிறகு அவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. சின்னசாமி பென்ஷன் வாங்கும் வரை பெல்மேனாகவே இருந்தான். ஏசுபாதம் எழுபத்தாறில் ஓய்வு பெற்றார். அந்தத் தாளுக்குப் பிறகு சொந்தமாக எதையும் வரையவில்லை. எஸ்தரும் அவரும் பாலகாட் பக்கம் ஒரு சிறிய வீட்டில் இருந்தார்கள். முதலில் அவர் போனார், பிறகு அவள். கொட்டகையின் கூரை ஒரு புயல் மழையில் பறந்துபோயிற்று. அதைத் திரும்பப் போட யாரும் வரவில்லை.